பெயர் தெரியாத கருவி பற்றி நாத்தனாருக்கு

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் என்றால் நானும் உன் அண்ணனும். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். நானும் நலமே என்று வைத்துக்கொள். உன் நலமறிய ஆவல் என்று எழுதப் பேனா போகிறது. ஆனால் உன் விஷயத்தில் நான் கடைசியாகக் காட்டிய ஆவலால்தான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனாய் என்பதால், அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் நீ வற்புறுத்த வேண்டாம்.

போனில் பேசலாமே என்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது என்பது உன் அண்ணனின் கருத்து. பேசாவிரதத்துக்கு நடுவே அதை வாய்விட்டுச் சொன்னார்: "நீ மன்னிப்புக் கேட்டாக்கூட ஆபீஸ் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். பேசாம எழுதிடு." ஞாயிற்றுக்கிழமை உன் தையல் மெஷினை எடுத்துப்போக வண்டி பேசியிருக்கிறாய் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நீ வீட்டை விட்டுப் போனபோதுகூட எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. கோபம் ஆறினால் வருவாய் என்று நினைத்தேன். மெஷின் போகிறதென்றால் நீ வரப்போவதில்லை என்று அர்த்தம். அது போவதற்குள் நடந்தது முழுவதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகும் வண்டியை அனுப்புவதானால் அனுப்பு. மாடிப்படி குறுகலானது, ஆளிரண்டு சேர்த்து அனுப்பு.

நம் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துபோனது உனக்குத் தெரியும். வெளியூரில் படிக்கும் மகள் விடுமுறை நாள் பகலில் வீடியோவில் பேசும்போது அவள் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நிற்கும். நான் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிப்பேன். புகார் கொடுக்கக் கூப்பிட்டால், இணையக் கம்பெனியில் ஒரு பெண், "எங்க லைன் நல்லாத்தான் இருக்கு மேடம், பிரச்சினை உங்க வீட்டுக்குள்ளதான்" என்பாள். எந்த ஆதாரத்தில் சொல்கிறாய் என்று கேட்டால் பாட்டுப் போட்டுவிடுவாள். நான் தண்ணீரைப் பரிசோதித்தே தலை நரைத்தவள். சான்றில்லாமல் யார் எதைச் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் புலம்பினேன். அவர், "உள்ளங்கை அளவுல ஒரு கம்ப்யூட்டர் போர்டு கிடைக்குது மேடம். அதுல ஒரு மானிட்டரிங் சர்வரப் போட்டு வீட்டு மூலைல வெச்சிடுங்க. எது இருக்கு, எது இல்ல, லைன் எப்ப விழுது, எப்ப எழுது, எல்லாத்தையும் அதுவே பாத்து எழுதி வெச்சுக்கும்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கத்தியைக் கடையில் விற்றவர் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

போர்டு வந்த அன்று நீயும் கூடத்தில் இருந்தாய். உன் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுவா சர்வர்? குளிக்கிற சோப்பு இதவிடப் பெருசா இருக்குமே" என்றார். நீ, "என்ன அண்ணி, மூடி இல்லாம அனுப்பிட்டானுங்களா? கொடல் எல்லாம் வெளிய தெரியுது பாவம். வேணும்னா நான் ஒரு உறை தெச்சுத் தரேனே" என்றாய். துணி போட்டு மூடினால் சூடேறிவிடும் என்று நான் சொன்னேன். நன்றி என்று சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அந்த உறையைத் தைத்துக்கொண்டு போர்டைத் தூர எறிந்திருந்தால் வீட்டுக்கு நல்லது.

அதை எழுப்பி உட்காரவைத்த பாட்டை நீ மாடியில் இருந்ததால் பார்க்கவில்லை. அதற்குத் தனியாகத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. நகத்தளவு மெமரி கார்டில்தான் அதன் மூளை. முதல் தடவை கார்டைத் தலைகீழாகச் செருகினேன். இரண்டாம் தடவை எழுதும்போதே கார்டைப் பிடுங்கிவிட்டேன். பிறகு வலையில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்த செய்முறையைப் பார்த்து என் மடிக்கணினியிலிருந்து வரிவரியாகத் தட்டினேன். ஒரு இடைவெளி கூடுதலாகத் தட்டியதற்கு அது திரை நிறையத் திட்டியது. உன் அண்ணன் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டே, "இவ்ளோ கெஞ்சி என்னைக் கேட்டிருந்தா நானே ரூட்டர் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்லியிருப்பேனே" என்றார். எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கியதும் வேறு தொல்லை. ஓடும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து எழும். மின்சாரம் போதவில்லை என்று தெரிந்தது. என் போன் சார்ஜருக்குச் சக்தி கிடையாது, உன் அண்ணனுடையதற்கும் கிடையாது. மாடிப்படியருகே மாட்டியிருந்த வெள்ளைச் சார்ஜருக்கு இருந்தது. ஆமாம், உன்னுடையதுதான். நீ அதை வீடு முழுக்கத் தேடினாயே, கட்டிலுக்கடியில் ஊர்ந்து தேடினாயே, "நீதான் ஆபீஸ்ல விட்டுட்டு வந்திருப்ப, உன்ன எனக்குத் தெரியாதா" என்று உன் அண்ணனோடு சண்டை போட்டாயே, அப்போது அது செருப்பு அலமாரிக்குப் பின்னால் என் சர்வருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. நானும் உன்னோடு சேர்ந்து சோபா மெத்தையைத் தூக்கித் தேடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரம் கழியக் கழியச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

அந்தச் சர்வரின் வேலை எளிமையானது. வீட்டில் இணையத்தோடு சேர்ந்திருக்கிற ஒவ்வொரு கருவியின் கதவையும் ஓயாமல் தட்டி, "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்றால் பச்சை. பதில் இல்லையென்றால் சிவப்பு, என் போனுக்கு ஒரு செய்தி. ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைத்தேன்: அவர் போன், என் போன், என் மடிக்கணினி, டிவி, பிரின்டர், உன் போன், உன் டேப்லெட். பரிசோதனைக்கூடத்தில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவதுபோல அத்தனை நிம்மதியாக இருந்தது. ஆனால் பச்சையும் சிவப்பும் பார்க்கத் தொடங்கியவளுக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றாது என்பதை யாரும் சொல்லவில்லை. உன் அண்ணன் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், அவர் போன் உறங்காமல் பச்சையாகவே இருப்பதைப் பார்த்து, உள்ளே சினிமா ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று, "தலைவலி இடைவேளை வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டேன். அவர் வெளியே வந்து, "நான் டிவிய அணைச்சா உனக்கு மெசேஜ் வருது. போனை அணைச்சா மெசேஜ் வருது. நான் செத்துப்போனா?" என்றார். "அதுக்கும் வரும், போன்ல சார்ஜ் தீந்த பிறகு" என்றேன். நீ மாடியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. நாம் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி.

அந்த வாரத்தில்தான் பட்டியலின் அடியில் அது இருப்பதைக் கவனித்தேன். நான் பெயர் வைக்காத ஒன்று. "பெயர் தெரியாத கருவி" என்று சர்வர் அதைக் குறித்திருந்தது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் எண்ணிப் பார்த்தேன், அது எதுவுமில்லை. நம் போன்கள் சற்றாவது உறங்கும். அது உறங்குவதே இல்லை. எப்போது தட்டினாலும் "இருக்கேன்" என்றது. அதிலும் வீட்டிலேயே மிக வேகமாகப் பதில் சொன்னது அதுதான், தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு நிற்பதுபோல. எனக்கு அறிவு இருக்கிறதே, அதனால் அதிலிருந்து ஒன்றை முடிவுசெய்தேன்: இவ்வளவு வேகமாகப் பதில் வருகிறதென்றால் அந்தக் கருவி மிகப் பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு பக்கத்தில் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மாடிக்குத் தனிப் படி. உன்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் பகலெல்லாம் ஏறி இறங்குகிறார்கள். இணையம் விழுவதும் பகலில்தான். பெரும்பாலும் நான் இல்லாத நேரத்தில். எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நீ யாருக்கோ பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாய், அவர்கள் எதையோ மாடியில் செருகிவைத்து நம் இணையத்தை உறிஞ்சுகிறார்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது, அந்தக் கருவி பதில் சொன்னதையெல்லாம் சர்வர் கோடுகளாக வரைந்துவைத்திருந்த வரைபடத்தைக் காகிதத்தில் அச்செடுத்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இது யாருடையது?" என்றேன். நீ பார்த்துவிட்டு, "எனக்கென்ன தெரியும் அண்ணி? ஏதோ மலை மாதிரி இருக்கு" என்றாய். "யாருக்கு பாஸ்வேர்டு குடுத்த?" "யாருக்கும் குடுக்கல." "நல்லா யோசிச்சுச் சொல்லு." "யோசிச்சா மட்டும் குடுத்ததா ஆயிடுமா? குடுக்கலன்னா குடுக்கல." உன் அண்ணன், "வைஃபைதானே, குடுத்தா என்ன, கிணறா வத்திப்போகும்? ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார். அவர் எனக்குச் சாதகமாக என்றைக்குப் பேசியிருக்கிறார்? அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க." நீ எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாய். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. நான் அதையும் குற்றம் செய்தவர்களின் லட்சணம் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், மதியத்துக்கு மேல் உன் டேப்லெட்டுக்கு இணையம் போகாதபடி ரூட்டரில் நேரம் குறித்துத் தடை வைத்துவிட்டுப் போனேன். உண்மை வெளியே வரும்வரை என்று மனதுக்குள் ஒரு கெடு. அன்று மதியம் உனக்கு ஆன்லைன் தையல் வகுப்பு இருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதத்தான் ஆசை. சட்டைக் கழுத்து வெட்டுவதைக் காட்டிக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனாய். உன்னிடம் படிக்கிறவர்களில் ஒருத்தி அந்தப் படத்தை எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறாள், "டீச்சர் யாரையோ வெட்டப் போறாங்க" என்று. உன் போனிலிருந்து திரும்பச் சேர்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, வகுப்பை முடித்துவிட்டு, நான் வரும்வரை கீழே காத்திருந்தாய். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதானே தடுத்தீங்க?"

"ஆமா."

"என்னக் கேட்டிருக்கலாம்ல அண்ணி? படியேறி வந்து, 'ஏண்டி, யாருக்குக் குடுத்த'ன்னு ஒரு தடவ கத்தியிருந்தா நான் என்ன உங்களக் கடிச்சா வெச்சிருப்பேன்?"

"கேட்டேனே. சாப்பிடறப்போ."

"அதுக்குப் பேரு கேக்கறதா? பேப்பர்ல படம் போட்டு எடுத்துட்டு வந்தீங்க! தண்ணிய பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்றவங்க, இப்ப வீட்ல இருக்கற மனுஷங்களையும் பாட்டில்ல புடிக்க ஆரம்பிச்சுட்டீங்க. நான் இங்க வந்த நாள்லேர்ந்து நீங்க என்கிட்ட உக்காந்து பேசினதே கிடையாது. சரி, அவங்க சுபாவம் அப்படின்னு இருந்தேன். இப்பதான் தெரியுது, பேசாம இருந்து கவனிச்சுட்டு இருந்திருக்கீங்க."

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். மறுநாள் நீ இல்லை. கத்தரிக்கோல், அளவு நாடா, போன், டேப்லெட் எல்லாம் போயிருந்தன. மெஷின் மட்டும் மூடிபோட்டு இருந்தது.

இனி எழுதப்போவதுதான் எழுத மிகச் சிரமமானது. நீ போன அன்று மாலை பட்டியலைத் திறந்தேன். உன் போன் சிவப்பு. உன் டேப்லெட் சிவப்பு. பெயர் தெரியாத கருவி பச்சை. உன்னோடு போயிருக்க வேண்டிய ஒன்று போகாமல் இருந்தால் நியாயமான மனுஷி என்ன நினைப்பாள்? நான் நினைத்தது, அவசரத்தில் அதை மாடியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாய், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று. மாடிக்கு ஏறினேன். உன் அறைக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை என்பது வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. நீ வந்ததிலிருந்து ஒரு தடவைகூட. நூல்கண்டுகளை நிறத்துக்கு நிறம் அடுக்கிவைத்திருக்கிறாய், வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கரைசல்களை அப்படித்தான் அடுக்குவோம். யார் யாருடைய துணியோ மடித்து, ஒவ்வொன்றின் மேலும் அவரவர் அளவெழுதிய சீட்டைக் குத்தி வைத்திருக்கிறாய். நான் மட்டும்தான் சீட்டு ஒட்டுகிறவள் என்று நினைத்திருந்தேன். உன் கட்டிலில் உட்கார்ந்தேன். தேட வந்ததைத் தேடவும் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன், துணிக்கூடையைக்கூடக் கிளறினேன். ஒன்றுமில்லை.

பிறகு கீழே வந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. யாருடைய கிணற்றில் அழுக்கு என்று சொல்வதற்கு முன், சுத்தமான தண்ணீரை உன் பாட்டிலிலேயே ஊற்றி அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அழுக்கு உன் பாட்டிலிலேயே இருக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் முதல் வாக்கியம் அது. அதன்படி டிவியைப் பிடுங்கினேன், பிரின்டரைப் பிடுங்கினேன், மடிக்கணினியை மூடினேன், என் போனிலும் உன் அண்ணன் போனிலும் வைஃபையை அணைத்தேன். அவர் தடுக்கவில்லை, "வீட்டையே போஸ்ட்மார்ட்டம் பண்றியா, பண்ணு" என்று மட்டும் சொன்னார். வீட்டில் மிச்சம் ரூட்டரும் அந்தச் சர்வரும்தான். சற்றுப் பொறுத்து மடிக்கணினியைத் திறந்து, சர்வர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எல்லாமும் அணைந்து கிடந்த அந்த நேரத்திலும் பெயர் தெரியாத கருவி பச்சையாகவே இருந்திருக்கிறது.

அது சர்வர்தான். முதலில் சாப்பாட்டு மேஜையில் வைத்து அதை வைஃபையில் சேர்த்தேன். பிறகு செருப்பு அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் ரூட்டரோடு கேபிள் போட்டு இணைத்தேன். வைஃபையை அணைக்க மறந்தேன். ஆக அதற்கு இரண்டு வாசல், இரண்டு முகவரி. கேபிள் வாசல் வழியாக வெளியே வந்து தன் வைஃபை வாசலைத் தானே தட்டி, "யாரோ இருக்காங்க, யாருன்னு தெரியல" என்று பட்டியலில் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. உறங்காமல் இருந்தது காவல்காரன் உறங்காததால். வேகமாகப் பதில் சொன்னது, தட்டியதும் திறந்ததும் ஒரே ஆள் என்பதால். உன் மேல் நான் சாட்டிய குற்றத்தை முழுக்க முழுக்கச் செய்தது உன் சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்த என் காவல்காரன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவகிட்ட சொல்லு" என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சை நிறுத்தினார்.

இணையம் விழுந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கணக்கு முழுமையாகாது. கம்பெனியிலிருந்து ஒருவழியாக ஆள் வந்தார். கேபிள் நம் வாசற்கதவின் கீழ் வழியாக உள்ளே வருகிறது. கதவை முழுக்கத் திறந்து சுவரோடு சாத்தினால் கீழே அது நசுங்குகிறது. பகலில் காற்றுக்காக அப்படித் திறந்துவைப்பது நீ. ஆகவே இதில் உனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதாமல் இருப்பது நல்லது என்று தோன்றியது. எழுதியும் விட்டேன். சுபாவம்.

நான் வருந்துகிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம். ஆதாரம் இல்லாமல் உன்னைச் சந்தேகித்தேன் என்றால்கூட மன்னிக்கலாம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகித்தேன், அதுதான் எனக்கே ஆறவில்லை. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆயிரம் பேச்சை நான் நம்பவில்லை. சோப்பளவு போர்டு சொன்ன ஒரு சொல்லை நம்பினேன். இப்போது மாலையில் வேலை முடிந்து வந்தால் தலைக்கு மேல் சத்தமே இல்லை. உன் மெஷின் ஓடுகிற சத்தம் எனக்குத் தொல்லை என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். நீ போனதிலிருந்து ஒரு புத்தகம் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை.

அந்தச் சர்வரை அணைத்துவிட்டேன். மெமரி கார்டை உருவிவிட்டேன். இனி இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைக் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்வேன், அதுவும் விரலால். இது உறுதி. உன் டேப்லெட்டின் தடையை நீக்கிவிட்டேன். உன் சார்ஜரைச் சாப்பாட்டு மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா வீட்டில் குழந்தைகளுக்கு என் அன்பு. வயதில் மூத்தவள் என்ற ஒரே தகுதியில் உனக்கு என் ஆசிகள். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு.

உன்,
அண்ணி

பி.கு.: சர்வரை அணைத்துவிட்டேன் என்று மேலே எழுதியது, எழுதும்போது உண்மைதான். உறையை ஒட்டுமுன், ஞாயிற்றுக்கிழமைக்குள் தபால் போய்ச் சேருமா என்று பார்க்க மடிக்கணினியைத் திறந்தேன். கை சும்மா இருக்கவில்லை. கார்டைத் திரும்பச் செருகினேன், உன் சார்ஜரையும் மேஜையிலிருந்து மறுபடி கொண்டுவந்தேன். உன் போன் பச்சை என்கிறது. நம் வீட்டுக்குள் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. நம்பிப் பட்டது போதும். சான்றுக்கு உன் அண்ணனை மாடிக்கு அனுப்பினேன். போனவர் இன்னும் இறங்கவில்லை, மேலே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. மெஷினைக் கழற்ற வந்தாயா, இருக்க வந்தாயா என்பதை எந்தப் போர்டும் சொல்லாது, சிரிப்புச் சத்தமும் சொல்லாது. எழுதி உன்னைக் கேட்கலாம் என்று அடுத்த தாளை எடுத்தேன். அதற்குள் படியிலிருந்து உன் குரல்: "அண்ணி! லெட்டர் எழுதறீங்களாமே? இன்னும் எத்தன பக்கம் பாக்கி? நீங்க மேல வந்து கேக்கறதா இருந்தா வண்டிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்றேன். இல்ல, எழுதித்தான் கேப்பீங்கன்னா, அவன் வரட்டும்."

தாளை மடித்துவிட்டேன். வருகிறேன்.